பூமியின் வாலைப் பிடித்தவர்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. மீதிப் பாதிப் பேருக்கு வேலை இருக்கிறது, ஆனால் லீவு போட்டுவிடுகிறார்கள். எல்லாரும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். ஒரு காலத்தில் கட்டிலும் பீரோவும் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு அது. இப்போது அங்கே பூமியின் வாலை அடக்குகிறார்கள்.

சிரிக்க வேண்டாம். பூமிக்கு வால் இருப்பது நிஜம். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. அது பூமியின் காந்தப்புலத்தைத் தள்ளித் தள்ளி, இரவுப் பக்கமாக நிலாவையும் தாண்டி நீட்டிவிடுகிறது. அந்த நீட்டலுக்குக் காந்தவால் என்று பெயர். அதற்குள் பிளாஸ்மா இருக்கிறது, அதாவது சூட்டில் அணுவே பிய்ந்துபோய் மின்சாரம் ஏறிய வாயு. சூரியன் சீறினால் அந்த வால் கலங்கும். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிற சமாசாரம். வாலடக்கி ஐயா அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மீதியைத் தாமே எழுதிக்கொண்டார்.

அவர் எழுதிய மீதி இதுதான். வால் கலங்கினால் ரத்தம் கலங்கும், ரத்தம் கலங்கினால் குடும்பம் கலங்கும். பெண்ணுக்கு வரன் தள்ளிப்போவது, கடையில் வியாபாரம் படுத்துக்கொள்வது, முழங்கால் வலிப்பது, மருமகள் எதிர்த்துப் பேசுவது எல்லாமே வாலின் வேலை. வாலடக்கி இதையெல்லாம் சொல்லும்போது சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டிருப்பார். ஒரு பேனா போதாதா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேனா வைத்திருப்பவர் இரண்டு மடங்கு படித்தவராகத்தானே இருப்பார்.

மேஜைமேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திசைகாட்டி. எதிரே உட்காருகிறவர் மேஜைமேல் கையை வைக்க வேண்டும். ஐயா கண்ணை மூடுவார். மேஜை விரிப்பு தரைவரை தொங்கும். முள் நடுங்கும், தயங்கும், வடக்கை மறந்துவிட்டு மெல்லத் திரும்பி எதிரே இருப்பவரைப் பார்க்கும். "வால் உங்களைப் பார்த்துடுச்சு" என்பார் ஐயா, துக்கம் விசாரிக்கிற குரலில். பார்க்கப்பட்டவர் வெலவெலத்துப்போய் வால்காப்பு வாங்கிக்கொள்வார். முறுக்கிய செம்புக் கம்பிதான் வால்காப்பு. கைக்கு ஒரு அளவு, வாசல் கதவுக்கு ஒரு அளவு, வண்டியின் கைப்பிடிக்கு ஒரு அளவு. வீட்டில் எத்தனை கை, எத்தனை கதவு, எத்தனை வண்டி என்று கேட்டுக் கேட்டுக் கொடுப்பதில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை.

ஒரு சின்ன விஷயம். காலை பத்து மணிக்குச் சூரியன் நம் தலைப்பக்கம் நிற்கிறது. அப்படியானால் இரவுப் பக்கம் நீண்டிருக்கிற வால் அப்போது நம் காலுக்குக் கீழே, பூமி உருண்டைக்கு அந்தப்புறம் இருக்கும். ஐயாவோ கூரையைக் கைகாட்டி, "இதோ, நேர் மேலே" என்பார். இருநூறு பேரும் அண்ணாந்து கூரைத் தகட்டைப் பயபக்தியோடு பார்ப்பார்கள்.

ஆனாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்டது முள்ளும் அல்ல, கோட்டும் அல்ல. கிடங்கு வளாகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது காந்த நிலையம். பூமியின் காந்தத்தை இரவும் பகலும் அளக்கிற அலுவலகம். அதன் வாசலில் ஒரு கரும்பலகை. காலை பதினொரு மணிக்கு அதில் அன்றைய நிலையை எழுதுவார்கள். மற்ற நாளெல்லாம் "அமைதி" என்று இருக்கும். புதனும் சனியும் மட்டும், அதாவது வாலடக்கி வால் அடக்குகிற இரண்டே நாட்கள் மட்டும், "லேசான கலக்கம்" என்று இருக்கும். ஒன்பது வாரமாக ஒரு நாள் தவறவில்லை. ஐயாவின் ஆள் ஓடிப்போய்ப் பலகையைப் போனில் படம் பிடித்து வருவான். ஐயா அதைப் பெரிய டிவித் திரையில் போட்டு, கீழே இருக்கிற கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவார். விஞ்ஞானமே கையெழுத்துப் போட்டுவிட்டது, இனி என்ன சந்தேகம் என்பார்.

அந்தக் கையெழுத்து தங்கையுடையது.

தங்கை என்றால் வீட்டுக்கு இளையவள். அக்கா அப்படிக் கூப்பிட்டு, தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. காந்த நிலையத்தில் அவளுக்குக் கோடு பார்க்கிற வேலை. வளாகத்தின் பின்கோடியில், சுவரை ஒட்டி, செம்பு ஆணி அடித்த ஒரு மரக்குடில். அதற்குள் காந்தமானி இருக்கிறது. அது அளப்பது அலுவலக அறையில் திரைமேல் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். குடிலுக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. சாவி, பெல்ட், கொண்டை ஊசி எல்லாவற்றையும் மரத்தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தங்கையின் ரவிக்கைக் கொக்கிகூடப் பித்தளை. நிலையத் தலைவரோ பெல்ட்டுக்குப் பதில் நாடா கட்டிக்கொண்டு வருகிறவர். ஒரு தடவை தபால்காரர் சட்டைப் பையில் கத்தரிக்கோலோடு உள்ளே வந்துவிட்டார் என்று அன்றைக்கு முழுக்கத் தலைவர் யாரோடும் பேசவில்லை.

இவ்வளவு ஆசாரமாக இருந்தவர்கள், கோடு லேசாக ஏறினால் என்ன செய்வார்கள்? தலைவர் ஒரு வாசகம் வைத்திருந்தார். "லேசான கலக்கம். காரணம் ஆராயப்படுகிறது." யார் ஆராய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தங்கை பலகையில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள், சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு உள்ளே போவாள். பின்சுவருக்கு அப்பால் நடக்கிற கூத்து அவளுக்குத் தெரியும். மூடர்கள் என்று உதட்டைச் சுழித்துக்கொள்வாள். அவர்களுக்குத் தீனி போடுவது தன் கைதான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

தோன்றவைத்தது அக்காவின் கண்.

அக்கா தையல்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலது கண்ணின் ஓரத்தில் பொறி பறந்தது, பிறகு ஒரு கறுப்புத் திரை கீழிருந்து மெல்ல ஏறியது. திங்கட்கிழமை கண் டாக்டர் பார்த்தார். விழித்திரை ஓரத்தில் பிய்ந்து தூக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் நடுப்பகுதிக்கு வரவில்லை, வந்துவிட்டால் ஊசியின் காது அந்தக் கண்ணுக்கு மறுபடி தெரியாது என்றார். வியாழக்கிழமை காலை ஆபரேஷன், தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதியும் கொடுத்தார்.

அக்கா வீட்டுக்காரர், தங்கைக்கு மாமா, பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் வண்டிகளை வரிசைப்படுத்தியவர். ஓய்வு பெற்றதும் கை அரித்தது. வாலடக்கியின் கூட்டத்தில் வண்டி நிறுத்துகிற சேவைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர் வால்காரரிடம் யோசனை கேட்டார். பொறி பறக்கிறதா, அது வால் பொறி என்றார் வாலடக்கி. வால் கலங்குகிற காலத்தில் கண்ணில் கத்தி பட்டால் இரண்டு கண்ணும் போய்விடும், நாற்பத்திரண்டு நாள் பொறுத்து, காப்புப் போட்டுக்கொண்டு, புதனும் சனியும் வந்து முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை அங்கே போனபோது அக்கா ஒற்றைக் கண்ணால் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். கையில் செம்புக் காப்பு. ஒரு மணி நேரம் பேசினாள், கெஞ்சினாள், வால் என்றால் என்ன என்று துண்டுத் துணியில் தையல் சாக்கால் படம் போட்டுக்கூடக் காட்டினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள்.

"அந்த ஆளு சொல்றதை நான் நம்பலைன்னே வெச்சுக்கோ. ஆனா கலக்கம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதானே?"

"அது வேற கலக்கம்க்கா. அதுக்கும் உன் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை."

"சரி. அது எதனால வருது? புதனும் சனியும் மட்டும் ஏன் வருது?"

தங்கை வாயைத் திறந்தாள். வாசகம்தான் வந்தது. "காரணம் இன்னும் தெரியலை."

"உங்களுக்கே தெரியலை. அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அக்கா. அவள் குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது. "எனக்கு இருக்கிறது ரெண்டே கண்ணுடி. ஒண்ணு போனா இன்னொண்ணை வெச்சுப் பொழைச்சுக்கலாம். ரெண்டும் போனா?"

தங்கைக்குக் கோபம் வந்தது, அதுவும் வாலடக்கிமேல் அல்ல.

மறுநாள் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். தங்கைக்கு அந்தப் புதனை விட்டால் வேறு புதனே கிடையாது. எட்டு மணிக்கே ஆபீசைத் திறந்து ஒன்பது வாரத்துக் கோட்டையும் எடுத்து விரித்தாள். பக்கத்திலேயே மற்ற ஊர்க் காந்த நிலையங்களின் கோடுகளை வைத்தாள். வாலுக்குள்ளேயே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பியதையும் வைத்தாள்.

நிஜமாகவே வால் கலங்கினால் அது திருட்டுத்தனமாக நடக்காது. சூரியக் காற்றிலிருந்து சக்தி வந்து வாலில் சேரும். வாலின் நடுவே தடித்த போர்வையாகக் கிடக்கிற பிளாஸ்மா மெலிந்துகொண்டே போகும், ரப்பரை இழுக்கிற மாதிரி. ஓர் அளவுக்கு மேல் தாங்காமல் காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பிளாஸ்மாவில் ஒரு பங்கு சூடேறிப் பூமிப் பக்கம் பாயும், மறு பங்கு வெளியே வீசப்படும், துருவத்து வானத்தில் பச்சையும் சிவப்புமாக ஒளி ஆடும். பெரிய புயலாக இருந்தால் நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றிலிருந்தே ஆக்ஸிஜன் கிளம்பிப்போய் வாலில் சேர்ந்துகொள்ளும். அமைதியான நாளில் அங்கே பெரும்பாலும் ஹைட்ரஜன்தான். செயற்கைக்கோள் இதையெல்லாம் அளந்துவிடும். உலகத்துக் காந்த நிலையங்களில் எல்லாம் கோடு சேர்ந்து துள்ளும்.

ஒன்பது வாரத்தில் அப்படி ஒரே ஒரு தடவை நடந்திருந்தது. அது ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, பலகை எழுதுவதற்குள் அடங்கிவிட்டது. வாலடக்கிக்கு அன்று லீவு. ஊரில் எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்தார்கள், ஒரு மருமகளும் கூடுதலாக எதிர்த்துப் பேசவில்லை.

புதன், சனிகளிலோ வால் குழந்தை மாதிரி உறங்கியது. பிளாஸ்மா தடித்துக் கிடந்தது. மற்ற ஊர்களில் கோடு நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. இவளுடைய கோடு மட்டும், உலகத்திலேயே இவளுடைய கோடு மட்டும், காலை ஒன்பதரைக்கு ஏறி மதியம் ஒன்றரைக்கு இறங்கியது. சூரியன் ஒரே ஓர் ஊருக்காக, அதுவும் ஆபீஸ் நேரம் பார்த்துச் சீறுமா?

தலைவர் வந்தார், பார்த்தார், முகம் வெளுத்தார். உடனே வேட்டை தொடங்கியது. ஒருவர் பையை ஒருவர் சோதித்துக்கொண்டார்கள். கூட்டுகிற அம்மாவின் கொண்டை ஊசி பிளாஸ்டிக் என்று நிரூபணமானது. தண்ணீர் மோட்டாரை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்பதரை ஆயிற்று. கோடு சொன்ன நேரத்துக்கு ஏறத் தொடங்கியது. வளாகத்துக்குள் ஒரு குண்டூசி இரும்புகூட இல்லை. அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விசில் சத்தம் தங்கை காதில் விழுந்தது. ஒன்பது வாரமாக விழுந்துகொண்டிருந்த சத்தம்தான், அன்றைக்குத்தான் உள்ளே போனது. மர ஏணியை இழுத்துப்போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள்.

சுவரை ஒட்டி வண்டிகள். இருநூறுக்குக் குறையாது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் நான்கு வரிசையாக, டிப்போ ஒழுங்கில், ஓர் அங்குலம் பிசகாமல். யாராவது விலகி நிறுத்தப் பார்த்தால் மாமா விசில் ஊதி இன்னும் சுவர்ப் பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தார். மரக்குடில் அங்கிருந்து பதினைந்து அடி.

ஏணியில் நின்றபடியே தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டம் வருகிறது, அதனால் வண்டி சேர்கிறது. வண்டி சேர்ந்தால் கோடு ஏறுகிறது, கோடு ஏறினால் இவள் கலக்கம் என்று எழுதுகிறாள். அதைக் காட்டி அவர் இன்னும் கூட்டம் சேர்க்கிறார். வாலை ஆட்டியது சூரியன் அல்ல, மாமாவின் விசில்.

தலைவருக்கு விஷயம் புரிந்ததும் அடுத்த மாத அறிக்கையில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றார். சின்ன எழுத்தில் போடலாம் என்றார். நாம் எழுதியது தப்பு என்று நாமே போய்ச் சொன்னால் நாளைக்கு யார் நம்மை மதிப்பார்கள் என்று கேட்டார்.

"சொல்லலைன்னா நாளைக்கு எங்க அக்காவுக்கு ஒரு கண் போயிடும் ஐயா" என்றாள் தங்கை.

தலைவர் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு லேப்டாப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, குடில் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்ளப் போனார். நல்ல மனுஷர்தான். பயந்த நல்ல மனுஷர்.

கிடங்குக்குள் தங்கை நுழைந்தபோது பலகையில் கையெழுத்துப் போடுகிற அம்மா இவர்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கூட்டம் எழுந்து வழிவிட்டது. வாலடக்கிக்கு வாயெல்லாம் பல். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகத்தான் நினைத்தார். நாற்காலி போடச் சொன்னார். தங்கை உட்காரவில்லை. எங்கள் கருவியின் கோட்டை நேரடியாக எல்லாருக்கும் காட்டட்டுமா என்று கேட்டாள். அவரே எழுந்து டிவியின் கேபிளை எடுத்துக் கொடுத்தார். திரையில் கோடு மேலே ஏறி நின்றிருந்ததைக் கண்டதும் கூட்டம் "ஆ" என்றது.

"பாத்தீங்களா? வால் எம்பி நிக்குது" என்றார் வாலடக்கி.

தங்கை மைக்கை வாங்கினாள். வண்டி வேலை முடிந்து மாமா கதவோரம் நின்றிருந்தார். முன்வரிசையில் அக்கா வலது கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தபடியே வாலடக்கியிடம் கேட்டாள்.

"இதை இப்பவே அடக்க முடியுமாங்க?"

"நாற்பத்திரண்டு நாள் ஆகும்மா. வால் என்ன, நாய் வாலா?"

"நான் இருபது நிமிஷத்துல அடக்கறேன். காப்பு வேண்டாம், எதுவும் வேண்டாம். மாமா, வெளியில சுவரோரம் இருக்கற வண்டிகளை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் விளையாட்டு மைதானத்துல கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்க. முதல் வரிசை முதல்ல."

கூட்டம் சிரித்தது. வாலடக்கி எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தார். "வண்டிக்கும் வாலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னா கோடு அப்படியே இருக்கும். உங்களுக்குத்தானே ஜெயம்" என்றாள் தங்கை.

மாமாவுக்கு வரிசை என்று சொன்னால் போதும், வேறு எதுவும் யோசிக்கமாட்டார். விசிலை எடுத்தார். முதல் வரிசைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரையில் கோடு நடுங்கியது, பிறகு ஒரு படி இறங்கியது. சிரிப்பு நின்றது. இரண்டாவது வரிசை போனது. இன்னொரு படி. மூன்றாவது வரிசை போகும்போது கிடங்கில் ஒருவர்கூட வண்டியைப் பார்க்கவில்லை, எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நான்காவது வரிசையும் போனதும் கோடு கீழே வந்து, மற்ற ஊர்க் கோடுகளோடு சேர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல நேராக ஓடியது.

பிறகு தங்கை அந்தக் கஷ்டமான வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஒன்பது வாரமா நான் எழுதினது தப்பு. அது வால் இல்லை, உங்க வண்டி. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்காதது என் தப்பு. வால் இருக்கு, கலங்கவும் செய்யும். கலங்கினா செயற்கைக்கோள் பழுதாகும், ரேடியோ இரையும், சில இடத்துல கரண்ட் போகும். கண் ஆபரேஷனை அது ஒண்ணும் பண்ணாது."

வாலடக்கி லேசுப்பட்டவரா? குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஜாதி. மைக்கைப் பிடுங்கினார். இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வால் உங்கள் வண்டிகளில் இறங்கியிருக்கிறது, இதற்கு வண்டிதோஷம் என்று பெயர், உடனே எல்லாரும் வண்டிக்காப்பு மாட்டிக்கொள்ள வேண்டும் என்றார். நம்பினால் நம்புங்கள், நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

அப்போதுதான் ஒரு வண்டி மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு கதவோரத்திலிருந்து பேசினார். மைதானத்துக்குப் போகிற வழியில் யாருடைய வண்டியோ நின்றுபோய் அதைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, காப்புப் போட்ட வண்டி இருபது, போடாத வண்டி இருபது. தனித்தனியா கொண்டுவந்து நிறுத்திப் பாத்துடலாமே?"

மாமாவே ஓடினார். காப்புப் போட்ட இருபதில் அவருடைய ஸ்கூட்டரும் ஒன்று. அதற்கு மூன்று காப்பு. இருபதும் சுவரோரம் வந்து நின்றன. கோடு ஏறியது. அவை போய், காப்பில்லாத இருபது வந்தன. அதே அளவுக்கு ஏறியது. செம்புக் கம்பிக்கு வாலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை.

வாலடக்கிக்கு அவசரமாக வேறு எங்கோ போகவேண்டிய வேலை ஞாபகம் வந்தது. எழுந்து மேஜையைச் சுற்றிப் பின்கதவுப் பக்கம் நடந்தார். மேஜைமேல் இருந்த திசைகாட்டி முள் எஜமானைப் பார்க்கிற நாய் மாதிரி அவரோடு கூடவே திரும்பியது. அதைக் கண்ட மெக்கானிக் அவரை மறித்தார். ஐயா ஒதுங்கிப் போகப் பார்த்தார். டக்கென்று ஒரு சத்தம். ஸ்பேனர் அவருடைய வலது முழங்காலில் ஒட்டிக்கொண்டு நின்றது. மெக்கானிக் பிடித்து இழுத்தார், ஐயாவும் சேர்ந்து வந்தார். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தால், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், துணி போட்டுக் கட்டியிருந்தது. ஐயா இதற்கு முன்னால் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

"மூட்டு வலிக்குக் கட்டியிருக்கேன்" என்றார் வாலடக்கி.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாகக் கேட்டது. "ஏன், காப்புப் போட்டிருந்தா போயிருக்குமே?"

அதற்குப் பிறகு கிடங்கில் எழுந்த சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது. சிரிப்பு சீக்கிரமே கோபமாக மாறியது, காப்புகள் மேஜைமேல் வந்து விழுந்தன, ஐயா ஒரு மூலையில் முழங்காலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். கோபத்தில் ஒரு பங்கு தங்கைக்கும் கிடைத்தது. உங்கள் கையெழுத்தை நம்பித்தானே ஏமாந்தோம் என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். நியாயம்தான். இனிமேல் என் கையெழுத்தையும் சும்மா நம்பாதீர்கள், வண்டியை நகர்த்திப் பாருங்கள் என்றாள் தங்கை. கூட்டத்தில் இன்னொரு அம்மா உண்மையான கவலையோடு வந்து, அப்படியானால் புதன்கிழமைகளில் நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள்.

அக்கா மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கூட்டம் கரைந்த பிறகு மாமா வந்து எதிரே நின்றார். விசில் கழுத்தில் தொங்கியது. அவருக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. தானே நெருக்கி நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்குப் பயந்து மனைவியின் கண்ணைப் பணயம் வைத்ததை நினைத்து மனுஷர் அழுதுவிட்டார்.

"அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் அக்கா. "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்?"

"ஏழுக்கு" என்றாள் தங்கை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "என்மேல கோபமாக்கா?" என்று கேட்டாள்.

"கோபம்தான். ஒன்பது வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் பாக்காம உக்காந்திருந்தியே." அக்கா காப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஆனா தப்புன்னு இருநூறு பேர் முன்னால நின்னு சொன்னியே. அந்த ஆளு ஒரு நாளாவது 'எனக்குத் தெரியலை'ன்னு சொல்லி நான் கேட்டதில்லைடி. அதை நான் அன்னிக்கே கவனிச்சிருக்கணும்."

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பிய்ந்தது நடுப்பகுதியின் விளிம்புவரை வந்துவிட்டது, சனிக்கிழமைக்கு வந்திருந்தால் என்னிடம் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். அன்றைக்குச் சூரியன் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஏழாவது வாரம் அக்கா வலது கண்ணை மட்டும் திறந்துவைத்து ஊசியில் நூல் கோர்த்தாள். மூன்று தடவை தவறியது, நாலாவது தடவை கோர்த்துவிட்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைத்த துணியை வாங்க வந்த ஒரு அம்மா அன்றைக்கே ஒரு செய்தி கொண்டுவந்தாள். பக்கத்து ஊரில் ஒருவர் நிலாவின் நிழலைப் பிடித்துப் பானையில் அடைக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லையாம்.

பூமிக்கு வால் இருக்கிறது, சூரியன் ஆட்டினால் அது ஆடும், அதற்கு வேறு வழி கிடையாது. நமக்கு இருப்பது தலை. அதை மேலும் கீழுமாக மட்டுமே ஆட்டிப் பழகிவிட்டோம். பக்கவாட்டிலும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள், கழுத்து சுளுக்கிக்கொள்ளாது.